வெள்ளிக்கிழமையில் வந்த ஞாயிறு – துபாய் மாதா கோவிலும் ஒரு சீட்டுப் பணமும்

முதல்லயே சொல்லிடறேன், நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனா என் வாழ்க்கையில் அதிகமா உள்ளே போய் உட்கார்ந்த கோவில் எதுன்னு கணக்கு போட்டா, ஊர்ல இருக்கற எங்க பிள்ளையார் கோவிலைத் தாண்டி துபாய் ஊத் மேத்தாவில் இருக்கற செயின்ட் மேரிஸ் சர்ச்தான் முன்னாடி நிக்குது. காரணம் பக்தி இல்லை, என் ரூம்மேட். கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்கோங்க. நடுவுல சரித்திரமும் வரும். பதிவு நீளம், டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

2006 அக்டோபர்ல நான் துபாய் போனேன். கராமாவில் பெட் ஸ்பேஸ். ஒரு ரூம்ல ஆறு கட்டில், அதாவது மூணு இரட்டை அடுக்கு. எனக்கு மேல் தட்டு, கீழ் தட்டுல ஒரு அண்ணன். திருநெல்வேலிக் கடற்கரைக்காரர், ஏசி டக்ட் போடற கம்பெனியில் ஃபோர்மேன். ஊர்ல எல்லாரும் கடலுக்குப் போறவங்க. "நான் மட்டும்தாம்டே கடல்ல போகாம கடலத் தாண்டுனவன்" என்பார். வாரம் ஆறு நாள் வேலை, வெள்ளி மட்டும் லீவு. அந்த வெள்ளிக்கிழமை காலையில் குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, "கோயிலுக்கு வாறியாடே?" என்று கேட்பார். போர் அடிச்சதால ஒரு நாள் போனேன். அப்புறம் பழக்கமாயிடுச்சு.

எனக்கு அங்க முதல்ல விளங்காத விஷயம் கிழமைதான். ஊர்ல ஞாயித்துக்கிழமை பூசை. இங்க வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பூசை மேல பூசை. இங்கிலீஷ், மலையாளம், தகலாக், கொங்கணி, தமிழ், அரபி என்று வரிசையா நடக்கும். ஒரு பூசை முடிஞ்சு கூட்டம் ஒரு வாசல் வழியா வெளிய வரும்போதே அடுத்த பாஷைக்காரங்க இன்னொரு வாசல்ல நிப்பாங்க. சினிமா தியேட்டர்ல காட்சி மாறுற மாதிரி இருக்கும். (அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன், முறைச்சார்.) ஞாயிறு வேலை நாள் என்பதால் சாமியார்கள் வெள்ளிக்கிழமையையே ஞாயிறாக்கி வெச்சிருந்தாங்க. இஸ்லாமிய வார விடுமுறைதான் கத்தோலிக்கரின் கடன் நாளும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பெரிய வெள்ளி அன்னிக்கு உலகத்துல எந்தக் கத்தோலிக்கக் கோவிலிலும் பூசை கிடையாது. பாடுகளின் வரலாறு வாசிப்பாங்க, சிலுவையை முத்தி செய்வாங்க, நன்மை கொடுப்பாங்க, அவ்வளவுதான். ஆக, துபாயில் வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளியில் ஐம்பத்தொன்று பூசை நாள், மீதி ஒண்ணு பூசையே இல்லாத நாள். ஆனா அந்த ஒரு நாள்தான் கூட்டம் அலைமோதும். லேபர் கேம்ப்ல இருந்து பஸ் பிடிச்சு, வெயிலில் நின்னு வருவாங்க. ஏன்னா நம்ம ஊர்ல மாதிரியே இங்கயும் பெரிய வெள்ளி விடுமுறை. கவர்ன்மெண்ட் அதுக்காக லீவு விடலை, வெள்ளியா இருக்கறதால லீவு. ஈஸ்டர் ஞாயிறுதான் வேலை நாள். சனிக்கிழமை நடுராத்திரி வரை பாஸ்கா திருவிழிப்பில் மெழுகுதிரி பிடிச்சு நின்ன ஆளு, காலை அஞ்சு மணிக்கு சைட் பஸ் ஏறணும். அண்ணன் கண்ணெல்லாம் சிவந்து போய் டிபன் டப்பாவோட கிளம்புவார். "ஆண்டவர் உயிர்த்துட்டாரு, நமக்குத்தான் உயிர் போவுது" என்று ஒரு வருஷம் சொன்னது நினைவிருக்கு.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

அரேபியாவின் கத்தோலிக்க நிர்வாகம் துபாயில் ஆரம்பிக்கலை, ஏடனில் ஆரம்பிச்சது. 1888-ல் ஏடனைத் தலைமையிடமா வெச்சு ஒரு அப்போஸ்தலிக்க விகாரியேட் உருவாச்சு, அடுத்த வருஷம் அதுக்கு அரேபியா என்று பேர் மாத்தினாங்க. மறைமாவட்டம்னு சொல்ல மாட்டாங்க, மறைப்பணி நாடு என்பதால் இந்த அந்தஸ்து. கப்புச்சின் சபைத் துறவிகள் கையில் இருந்தது, இன்னிக்கும் இருக்கு. பிரிட்டிஷ்காரன் ஏடனை விட்டு 1967-ல் போனதும் அங்க நிலைமை மோசமாயி, 1970-களில் ஆயரின் இருக்கை அபுதாபிக்கு வந்தது. 2011-ல் வடக்கு, தெற்கு என்று ரெண்டாப் பிரிச்சாங்க. குவைத், பஹ்ரைன், கத்தார், சவுதி வடக்கு. அமீரகம், ஓமன், ஏமன் தெற்கு.

அபுதாபியில் 1965-லேயே ஒரு கோவில் வந்துடுச்சு, புனித சூசையப்பர் பேர்ல. துபாயில் 1966-ல் ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம் நிலம் கொடுத்தார். இந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். அதே 1966-ல்தான் துபாய்க் கடலில் ஃபத்தே என்ற இடத்தில் எண்ணெய் கிடைச்சது. ஆனா முதல் எண்ணெய்க் கப்பல் வெளியே போனது 1969-ல். அதாவது எண்ணெய்க் காசு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே நிலம் கொடுத்தாச்சு. வியாபாரத்தை நம்பி இருந்த துறைமுக ஊர் அது. வந்தவன் தங்கணும்னா அவன் சாமியும் தங்கணும் என்ற கணக்கு அந்த ஊருக்குத் தெரிஞ்சிருக்கு. பர் துபாயில் இந்துக் கோவில் 1958-லேயே வந்தாச்சே!

இன்னொரு விஷயமும் 1966-ல் நடந்தது. அதுவரைக்கும் துபாய்க் கடைத்தெருவில் ஓடினது நம்ம ரூபாய். ரிசர்வ் வங்கி 1959-லிருந்து வளைகுடாவுக்குன்னே தனி நோட்டு அடிச்சுக் கொடுத்துட்டு இருந்தது. 1966 ஜூனில் இந்திரா அம்மையார் ஆட்சியில் ரூபாய் மதிப்பைக் குறைச்சதும், "போதும்பா உங்க ரூபாய்" என்று அவங்க கத்தார்-துபாய் ரியாலுக்குப் போயிட்டாங்க. அதனால இந்தக் கோவில் உண்டியலில் விழுந்த முதல் காசு ரூபாயா இருக்க வாய்ப்பு கம்மி. திர்ஹாம் வந்ததே 1973-ல்தான்.

கோவில் திறப்பு விழா 1967 ஏப்ரல் 7. இந்தத் தேதியை வெச்சு ஒரு நாள் காலண்டரில் கணக்கு போட்டேன். எனக்கு இந்த மாதிரி வெட்டி வேலை பிடிக்கும். அன்னிக்கு வெள்ளிக்கிழமை! அந்த வருஷ ஈஸ்டர் மார்ச் 26. ஆக, ஈஸ்டர் முடிஞ்சு பன்னிரண்டாவது நாள், பாஸ்கா காலத்துக்குள்ளயே, வெள்ளிக்கிழமை பார்த்துத் திறந்திருக்காங்க. ஐக்கிய அமீரகம் என்ற நாடே பிறந்தது 1971 டிசம்பர் 2-ல். நாட்டை விட நாலரை வயசு மூத்த கோவில்! எவுசேபியோ தாவேரி என்ற இத்தாலியக் கப்புச்சின் சாமியார் அடுத்த வருஷமே, 1968-ல், பக்கத்தில் பள்ளிக்கூடமும் தொடங்கினார். கூட்டம் தாங்காம இடிச்சுப் பெரிசாக் கட்டி மறுபடி அர்ச்சித்தது 1989 நவம்பர் 3. அதுவும் வெள்ளிக்கிழமைதான், பார்த்துட்டேன். ஜெபல் அலியில் புனித அசிசியார் பேர்ல ரெண்டாவது கோவில் 2001-ல் வந்தது.

இவ்வளவுதான் கிடைக்கற சரித்திரம். நிலம், கட்டடம், ஆயர், தேதி. யாரு அங்க வந்து மண்டி போட்டாங்க, யாரு யாருக்குச் சோறு போட்டாங்க என்பதற்கு ஒரு தாளும் கிடையாது. நம்ம ஊர்ப் பங்கு என்றால் கல்யாணப் புத்தகம் இருக்கும், சாவுப் புத்தகம் இருக்கும், பின்னாடி கல்லறைத் தோட்டத்தில் தாத்தா பேர் இருக்கும். மணப்பாடு பக்கம் போனா 1540-களில் சவேரியார் தங்கின குகையைக் காட்டுவாங்க. இங்க தாத்தாவே கிடையாது. வேலை போனா விசா போச்சு, விசா போனா ஆள் போயாச்சு. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை முழுப் பங்கும் புதுசு. அண்ணனோட முப்பாட்டன்மார் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிச்சவங்க. துபாய்க்காரங்களும் முத்துக் குளிச்சவங்கதான், 1930-களில் ஜப்பான் வளர்ப்பு முத்து வந்து அந்தத் தொழில் படுத்தது. ரெண்டு கரையிலும் மூச்சடக்கித் தொழில் செஞ்ச ஜனம். ஆனா ஒருத்தருக்கு இங்க ஊர், இன்னொருத்தருக்கு மேல் தட்டு, கீழ் தட்டு.

இப்ப அந்த சோறு போட்ட கதை.

தவக்காலம் வந்தா அண்ணன் மாறிடுவார். திருநீற்றுப் புதனில் தொடங்கி, கறி மீன் இல்லை, சிகரெட் இல்லை. வெள்ளியில் ஒருசந்தி. ரூம்ல ஒரு பால் டின் மூடியில ஓட்டை போட்டு வெச்சிருப்பார். மீன் வாங்காத காசு, சிகரெட் வாங்காத காசு எல்லாம் அதுக்குள்ள போகும். "உண்டியல்" என்று அவர் சொல்லும்போது பக்கத்துக் கட்டில்காரன் பதறுவான், ஏன்னா வளைகுடாவில் உண்டியல் என்றால் அர்த்தமே வேற! பெரிய வெள்ளி சாயங்காலம் ஆராதனை முடிஞ்சதும் நாலஞ்சு தமிழ்க் குடும்பங்கள் யாராவது ஒருத்தர் வீட்ல கூடி கஞ்சி காய்ச்சுவாங்க. சிறுபயறு போட்ட கஞ்சி, தேங்காய்த் துவையல், அவ்வளவுதான். அங்க வெச்சு டின்னைத் திறப்பாங்க. அந்த வருஷம் யாருக்கு என்ன கஷ்டம் என்று பேச்சு வரும். பெரும்பாலும் ரெண்டே ரெண்டு தேவைதான். ஒண்ணு, விசா முடிஞ்சு மாட்டிக்கிட்டவனுக்கு டிக்கெட். 2007-ல் பொதுமன்னிப்பு அறிவிச்சப்போ அபராதம் இல்லாம வெளியே போகலாம் என்றாங்க, ஆனா டிக்கெட் காசு அவனவன் போடணுமே! இன்னொண்ணு, இறந்தவங்க உடம்பை ஊருக்கு அனுப்பறது. விமானத்தில் சவப்பெட்டியைத் தராசுல எடை போட்டுக் காசு வாங்கின காலம் அது. அந்த எடை போடற வழக்கத்தை ஏர் இந்தியா விட்டதே 2019-ல்தான். கஞ்சி குடிச்சுக்கிட்டே "ஆளு என்ன கிலோ இருப்பாரு?" என்று ஒருத்தர் கேட்டதும், யாரும் பதில் சொல்லாம துவையலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்ததும் என் கண்ணுலயே இருக்கு.

குறையும் சொல்லணும். கோவில் வளாகத்தில் லேண்ட் க்ரூஸரில் வந்தவரும் இருந்தார், பஸ்ஸுக்குக் காசில்லாம நடந்து வந்தவரும் இருந்தார். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சமாதானம் சொல்லிக் கை குலுக்குவாங்க, வெளியே வந்தா அவரவர் வழி. நான் பார்த்த டின்களில் பாதிக்கு மேல வீட்டு வேலை செய்யற பெண்களும் டிரைவர்களும் கொண்டு வந்ததுதான்.

2009. கட்டுமானக் கம்பெனிகள் ஒவ்வொண்ணா மூச்சு வாங்கின வருஷம். பாதியில் நின்ன கட்டடங்கள், மேல அசையாம நின்ன கிரேன்கள். அண்ணன் கம்பெனியும் (பேர் வேண்டாம்) 2008 டிசம்பரோட சம்பளத்தை நிறுத்திடுச்சு. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் போச்சு. பாஸ்போர்ட் கம்பெனி கையில். அண்ணன் யார்கிட்டயும் வாய் திறக்கலை. தவக்காலம் வேறயா, கறி மீன் தின்னாம இருக்கறதுக்கு நல்ல சாக்கு கிடைச்சது. ஒருசந்தி தினமும் ஆச்சு. நாங்க ரூம்ல கூப்பிட்டா "தவசு காலம்டே" என்று கழண்டுக்குவார். அந்த வருஷம் டின் மட்டும் வழக்கம் போல கட்டிலுக்கடியில் இருந்தது. நான் ஒரு நாள் தூக்கிப் பார்த்தேன், கனமாவே இருந்தது. அவர் சாப்பாட்டுக் காசை அதுல போட்டுட்டு இருந்திருக்கார்.

ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு. சாயங்காலம் கோவிலுக்குப் போனோம். ஊர்ல தென்னங்குருத்து, இங்க பேரீச்சை ஓலை. "ஆண்டவருக்கு எருசலேமுல பிடிச்சதே இந்த ஓலைதான், நாமதான் இல்லாத குறைக்குத் தென்னைய வெட்டுனோம்" என்று அண்ணன் விளக்கம் கொடுத்தார். ஊர்வலம் வளாகத்துக்குள்ளயே சுத்தி முடியும், தெருவுக்குப் போகாது. நடக்கும்போது அண்ணன் ஒரு தடவை தள்ளாடி மதில் பிடிச்சதைப் பின்னாடி வந்த அக்கா ஒருத்தர் பார்த்துட்டார். ஒரு அரபு வீட்ல சமையல் வேலை செய்யறவர். என்னைத் தனியாக் கூப்பிட்டு, "தம்பி, அவுக சாப்பிடுறாகளா?" என்று கேட்டார். நான் முழிச்சேன். அவருக்குப் பதில் கிடைச்சிடுச்சு.

பெரிய வெள்ளி ஏப்ரல் 10. கஞ்சி வீட்ல அண்ணன் தன் டின்னையும் வெச்சார். அதைப் பார்த்ததும் எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. யாரும் எதுவும் சொல்லலை. வேற யாரோ ஒரு மலையாளிப் பையன் டிக்கெட்டுக்கு என்று பேசி அந்தக் காசை ஒதுக்கினாங்க. மறுநாள் சனிக்கிழமை ராத்திரி, பாஸ்கா தீ மூட்டறதுக்கு எல்லாரும் முற்றத்தில் இருட்டுல நிக்கும்போது, அந்த அக்காவும் இன்னும் மூணு பேரும் என் பக்கத்தில் வந்தாங்க. கையில் ஒரு கவர். "நாங்க குடுத்தா வாங்க மாட்டாக. நீ ரூம்ல சீட்டு புடிக்கிறேல்ல, சீட்டு விழுந்துருக்குன்னு சொல்லிக் குடு." ஆயிரத்து இருநூறு திர்ஹாம். யார் எவ்வளவு போட்டாங்க என்று சொல்லலை, நானும் கேட்கலை. அந்த நேரம் பார்த்து முன்னாடி பெரிய திரி பத்த வெச்சாங்க. முகங்கள் தெரிஞ்சது. நாலு பேர்ல ரெண்டு பேரோட பேர் கூட எனக்குச் சரியாத் தெரியாது.

ஈஸ்டர் அன்னிக்கு, ஏப்ரல் 12, கூசாம பொய் சொன்னேன். அண்ணன் கவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த மாசம் எனக்கா விழுந்துச்சு?" என்றார். "ஆமா." வாங்கிக்கிட்டார். பாஸ்போர்ட் கைக்கு வந்து, மே மாசம் திருவனந்தபுரம் ஃப்ளைட் ஏறினார்.

கதை இங்க முடிஞ்சிருந்தா நான் பதிவே எழுதியிருக்க மாட்டேன். 2011-ல் அண்ணனோட மச்சான் ஒருத்தர் துபாய் வந்து என்னைத் தேடிப் பிடிச்சு ஒரு கவர் கொடுத்தார். ஆயிரத்து இருநூறு திர்ஹாம், எண்ணி வெச்ச மாதிரி. போன் போட்டேன். "ஏலே, சீட்டுல அந்த மாசம் மூணாவது கட்டில்காரனுக்குல்ல விழுந்துச்சு. எனக்குத் தெரியாதா? குடுத்தவுககிட்ட குடுத்துரு" என்றார்.

யார்கிட்ட கொடுக்கறது? அந்த அக்கா வேலை பார்த்த வீட்டுக்காரங்க ஊரையே மாத்திப் போயிட்டாங்க. ஒருத்தர் கனடா என்றாங்க. ரெண்டு பேரைப் பத்தி யாருக்கும் தெரியலை. கஞ்சி காய்ச்சின வீட்ல வேற யாரோ குடியிருந்தாங்க. ரெண்டே வருஷம்! கோவில்ல ரெண்டு மூணு வெள்ளிக்கிழமை தமிழ்ப் பூசை முடிஞ்சு வாசல்ல நின்னு முகம் முகமாப் பார்த்தேன். அப்புறம் 2012-ல் நானும் கணக்கு முடிச்சு ஊருக்கு வந்துட்டேன், கவரோட. பீரோவில் துணிக்கடியில் கிடந்தது. ஒரு தடவை அவசரத்துக்கு எடுத்துச் செலவு பண்ணிட்டு, மறுபடி அதே அளவு வெச்சேன். அதையும் ஒத்துக்கறேன்.

2020-ல் ஈஸ்டர் மறுபடியும் அதே ஏப்ரல் 12-ல் வந்தது. மார்ச் நடுவிலேயே அமீரகத்தில் எல்லா வழிபாட்டு இடங்களையும் மூடிட்டாங்க. கொரோனா. திருவிழிப்பு எல்லாம் போன் திரையில். ஒரு ரூம்ல ஆறு கட்டில் போட்டிருந்தவனுக்கு எங்க தனிமைப்படுத்திக்கறது? டின் வெக்கற ஆட்கள் அந்த வருஷம் என்ன செஞ்சிருப்பாங்க என்று யோசிச்சுட்டே கவரை எடுத்துப் பார்த்துட்டு வெச்சேன்.

2023-ல் ஆபீஸ் வேலையா துபாய் போக வேண்டி வந்தது. ஏப்ரல் முதல் வாரம். ஊரே மாறியிருந்தது. 2022 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறு. ஆக ஈஸ்டர் ஞாயிறு இப்ப லீவு. பெரிய வெள்ளிக்குத்தான் லீவு கேட்டு மேனேஜர் முகத்தைப் பார்க்கணும்! அந்த வருஷப் பெரிய வெள்ளி ஏப்ரல் 7. கோவில் திறந்து சரியா 56 வருஷம், அதே கிழமை. போதாததுக்கு ரம்ஜான் மாசமும் நடந்துட்டு இருந்தது. மெட்ரோவில் இறங்கி நடக்கும்போது பாதி ஊர் நோன்பு, மீதியில் கொஞ்சம் ஒருசந்தி.

ஆராதனை முடிஞ்சு தமிழ்க் குரல் கேட்ட பக்கம் போய் நின்னேன். எனக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு கூட இல்லை. இளவட்டப் பசங்க ஏழெட்டு பேர். ஒருத்தன் பக்கத்து ரூம் கீழக்கரை பாய் கொடுத்தனுப்பின நோன்புக் கஞ்சித் தூக்கை வெச்சுக்கிட்டு, "கறி போட்டிருக்கா பாருலே, இன்னைக்குத் திங்கக் கூடாது" என்று கரண்டியால துழாவிட்டு இருந்தான். கறி இல்லை. எனக்கும் ஒரு பேப்பர் கப்பில் கொடுத்தான்.

விஷயத்தைச் சொல்லி, கவரை நீட்டினேன். அந்தப் பசங்கள்ல பெரியவன் கையைப் பின்னாடி இழுத்துக்கிட்டான். "காசா வேண்டாம் அண்ணே. இப்ப சட்டம் கடுசு. அனுமதி இல்லாம யாரும் வசூல் பண்ணக் கூடாது, கையில் வெச்சிருந்தா எங்களுக்குப் பிரச்சினை." சரிதான். நிதி திரட்டறது பத்தி துபாயில் 2015-லும், நாடு முழுக்க 2021-லும் சட்டம் போட்டிருக்காங்க, லைசென்ஸ் வாங்கின அமைப்புகள்தான் கேட்கலாம். "அப்ப என்னதான் செய்யறீங்க?" என்று கேட்டேன். "யாருக்கு வேணுமோ அவங்களுக்கு நேரா டிக்கெட் எடுத்துக் குடுத்துருவோம். வசூல் இல்ல, அவரவர் சொந்தக் காசு, அவரவர் கார்டு."

கொஞ்ச நேரம் தங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. அப்புறம் ஒரு பாஸ்போர்ட் போட்டோவை என் போனுக்கு அனுப்பினான். அங்கயே மதிலில் சாய்ஞ்சு நின்னு என் கார்டில் புக் பண்ணினேன். துபாய் டு திருச்சி, திங்கட்கிழமை ராத்திரி ஃப்ளைட். பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன், முனியாண்டின்னு முடியற பேர். டிக்கெட்டை அனுப்பிட்டு, "யார் கொடுத்ததுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றேன்.

"சீட்டு விழுந்துச்சுன்னு சொல்லிக்கிறோம்" என்றான். நான் கவர்ல இருந்த கதையைச் சொன்னப்போ சீட்டைப் பத்தி அவன்கிட்ட சொல்லவே இல்லை.